சுண்ணாம்புப் பலகையில் நிலவுத் தரை: செட்டிநாட்டுப் பூச்சில் ஒரு புடைப்போவியம் செய்யும் முறை

சித்திரையிலோ வைகாசியிலோ காரைக்குடியைச் சுற்றியுள்ள பொட்டல்களில் கோடைமழை பிடிக்கும் முதல் ஒரு நிமிடத்தில், செம்மண் புழுதியின் மேல் விழும் பெரிய துளி ஒவ்வொன்றும் ஒரு சிறு குழியைப் பறித்து, அதைச் சுற்றி மெல்லிய வரம்பு ஒன்றை எழுப்பி, வரம்புக்கு வெளியே புழுதியைத் தூவிவிட்டுப் போகும். மழை வலுத்தால் எல்லாம் கலைந்துவிடும். ஆனால் பத்துத் துளியோடு தூறல் நின்று, மேற்கே மேகம் விலகி, இறங்குவெயில் சாய்வாகப் பட்டால், ஒவ்வொரு குழியிலும் வெயில் வரும் பக்கத்துச் சுவர் கறுத்தும் எதிர்ச்சுவர் வெளுத்தும் நிற்பதைக் குனிந்து பார்க்கலாம். நிலவின் தரையை ஓவியமாக்க விரும்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். புகைப்படங்களைப் பார்ப்பது அதற்குப் பிறகு போதும்.

இந்தக் கட்டுரை, நிலவின் தென்முனைப் பகுதியிலுள்ள ஒரு துண்டு நிலத்தை, செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களுக்குப் பயன்பட்ட சுண்ணாம்புப் பூச்சைக் கொண்டு, 60 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் உள்ள பலகையில் புடைப்போவியமாகச் செய்யும் முறையைச் சொல்கிறது. தட்டையான துணியில் வண்ணம் தீட்டாமல் ஏன் பூச்சு வேலைக்குப் போக வேண்டும் என்று கேட்கலாம். நிலவில் நிறம் மிகக் குறைவு. காற்று இல்லாததால் ஒளி சிதறுவதும் இல்லை. ஆகவே அந்த நிலம் நம் கண்ணுக்குத் தெரிவதே நிழலால்தான். 1609ஆம் ஆண்டின் இறுதியில் கலீலியோ தொலைநோக்கி வழியாக நிலவைப் பார்த்துத் தூரிகையால் வரைந்த படங்களில், ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட எல்லைக் கோடு நெளிந்து போவதையும், இருண்ட பகுதிக்குள் தனித்தனிப் புள்ளிகள் ஒளிர்வதையும் குறித்துவைத்து, அவை மலைகளும் பள்ளங்களும் என்று முடிவுசெய்தார். ஓவியப் பயிற்சி இருந்ததால் நிழலைப் படிக்க அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த நிழலை வண்ணத்தால் போலி செய்வதைவிட, மேட்டையும் பள்ளத்தையும் உண்மையாகவே செய்துவிட்டு விளக்கை நிழல் வரையச் செய்வது நேர்மையான வழி என்பது என் உறுதியான எண்ணம்.

இதில் எனக்கு முன்னோடியாகத் தோன்றுகிறவர் ஆலன் பீன். 1969 நவம்பரில் அப்பல்லோ 12 பயணத்தில் நிலவில் நடந்த நான்காவது மனிதரான அவர், 1981இல் நாசாவை விட்டு விலகி முழுநேர ஓவியரானார். தம் ஓவியங்களின் அடிப்பரப்பில் நிலவில் தாம் பயன்படுத்திய சுத்தியலாலும் காலணியின் அடித்தடத்தாலும் தழும்புகளை ஏற்படுத்திவிட்டு, அதன் மேல்தான் வண்ணம் பூசினார். நிலத்தில் நின்ற ஒருவருக்கு, வண்ணத்துக்கு முன் நிலத்தின் முரட்டுத்தன்மை தேவைப்பட்டிருக்கிறது.

அளவை முதலில் முடிவு செய்யுங்கள்

நிலவுக் காட்சியில் மரமோ வீடோ இல்லாததால், ஒரு கைப்பிடி அகலமுள்ள குழியும் ஒரு காத தூரம் அகன்ற பள்ளமும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். பார்ப்பவருக்கு அளவு புரிய ஓர் அடையாளம் வேண்டும். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 திட்டத்தின் விக்ரம், தென் அட்சரேகை ஏறத்தாழ 69 பாகையில் தரையிறங்கியது. அதிலிருந்து இறங்கிய பிரக்யான் ரோவர் 26 கிலோ எடை கொண்டது. ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம் உடையது. ஆகஸ்ட் 27 அன்று தனக்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் விட்டமுள்ள ஒரு பள்ளத்தைக் கண்டதும், கட்டுப்பாட்டு நிலையத்தின் கட்டளைப்படி அது வந்த வழியே திரும்பிப் புதிய பாதையில் சென்றது. நம் பலகைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சியை நான் கண்டதில்லை.

பலகையின் 60 செ.மீ. அகலம் நிலவின் 40 மீட்டரைக் குறிக்கட்டும். அப்படியானால் ஒரு மீட்டர் ஒன்றரை செ.மீ. ஆகிறது, அந்த 4 மீட்டர்ப் பள்ளம் பலகையில் 6 செ.மீ. விட்டம் பெறுகிறது, ரோவர் ஒரு புளியங்கொட்டை அளவே இருக்கும். ரோவரைச் செய்து ஒட்ட வேண்டாம். பள்ளத்தை நோக்கிச் சென்று திரும்பும் இரண்டு இணைகோட்டுத் தடம் மட்டும் போதும். வண்டி எவ்வளவு சிறியது, நிலம் எவ்வளவு வெறுமையானது என்பதைத் தடமே சொல்லிவிடும்.

நேர் மேலிருந்து பார்க்கும் காட்சி இது என்பதால் வானம் தேவையில்லை. அடிவானத்தோடு செய்ய விரும்புகிறவர்கள் வானத்தைக் கறுப்பாக விட்டு, அதில் நட்சத்திரம் வைக்காமல் இருக்க வேண்டும். பகலில் தரை அவ்வளவு வெளிச்சமாக இருப்பதால், அதற்கேற்ப அமைத்த கேமராவில் நட்சத்திரங்கள் பதிவதில்லை.

தாம்பாளத்தில் ஒரு பயிற்சி

பூச்சைத் தொடுவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஆழமான தாம்பாளத்தில் சலித்த செம்மண்ணை நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, அதன் மேல் கோலமாவை மெல்லிய போர்வையாகச் சலித்துத் தூவி, மார்பு உயரத்திலிருந்து ஒரு கோலிக்குண்டைப் போடுங்கள். வெள்ளைப் பரப்பைக் கிழித்துக்கொண்டு அடியிலிருந்த சிவப்பு மண் எழுந்து, வரம்பாகக் குவிந்து, கதிர்களாகச் சிதறிக் கிடக்கும். அடியில் இருந்தது மேலே வந்திருப்பதைக் கவனியுங்கள். விண்கல் விழும்போது நிலவிலும் இதுவே நடக்கிறது. ஆனால் அங்கே கல் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதால் அது குழி பறிப்பதில்லை, வெடிக்கிறது. அதனால்தான் கல் சாய்வாக வந்து விழுந்தாலும் பள்ளம் பெரும்பாலும் வட்டமாகவே அமைகிறது. கோலிக்குண்டைச் சாய்வாக எறிந்தால் நீள்வட்டம் கிடைக்கும். அந்த வடிவத்தைப் பலகைக்குக் கொண்டுவராதீர்கள்.

பத்துக் குண்டு போட்ட பின் அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசியின் டார்ச்சைத் தாம்பாளத்தின் விளிம்போடு ஒட்டிப் படுக்கவைத்துப் பாருங்கள். பழைய பள்ளத்தின் வரம்பைப் புதிய பள்ளம் உடைத்திருக்கும் இடங்களை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பின்னால் பலகையில் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதற்கு அந்தத் தாள்தான் வழிகாட்டி.

பலகையும் பூச்சும்

12 மி.மீ. தடிமனுள்ள, தண்ணீர் தாங்கும் பிளைவுட்டை வாங்கி, இரு பக்கமும் ஓரங்களிலும் வார்னிஷ் அடித்துக் காயவைத்து, முன்பக்கத்தில் கோழிவலையைச் சிறு ஆணிகளால் நெருக்கமாக அடியுங்கள். வலை இல்லாமல் சுண்ணாம்பு மரத்தில் பிடிக்காது. நான்கு பக்கமும் 16 மி.மீ. உயரமுள்ள ரீப்பர் சட்டம் போதும். சட்டம் பூச்சின் மட்டத்துக்கு மேல் எழும்பக் கூடாது என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 5 மி.மீ. எழும்பினாலும், 10 பாகை சாய்வில் வரும் ஒளியில் அது ஏறக்குறைய 3 செ.மீ. அகலத்துக்கு நிழல் போட்டு, விளக்குப் பக்கத்து ஓரம் முழுவதையும் விழுங்கிவிடும். முடிந்த பலகை ஏறத்தாழ 10 கிலோ எடை வரும் என்பதால், தொங்கவிடும் கொக்கிகளை இரண்டாகவே பொருத்துங்கள்.

சுண்ணாம்பைக் கல்லாக வாங்கி வீட்டில் நீற்ற வேண்டாம். நீறும்போது கொதித்துத் தெறிக்கும். நீற்றிப் புளிக்கவைத்த விழுதாகவே கேட்டு வாங்குங்கள். அதையும் ரப்பர் கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பூச்சுக்கு ஊற்றும் தண்ணீரில் இடித்த கடுக்காய் ஒரு கைப்பிடியும் கருப்பட்டி ஒரு துண்டும் ஒரு வாரம் ஊறவைத்து வடிகட்டிச் சேர்ப்பது நம் பகுதிக் கொத்தனார்களின் பழைய வழக்கம். நானும் அதையே செய்கிறேன். பூச்சு கையில் இழுபட்டு வேலைக்கு இணங்குகிறது.

முதல் பூச்சு ஒரு பங்கு விழுதுக்கு மூன்று பங்கு சலித்த மணல், 6 மி.மீ. தடிமன். கரணையால் வலைக்குள் அழுத்தி இறக்கி, மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு, ஐந்து நாள் ஈரச்சாக்கின் கீழ் வையுங்கள். இரண்டாம் பூச்சு ஒன்றுக்கு இரண்டு, 10 மி.மீ. தடிமன். இதை மணியாசுக் கட்டையால் மட்டம் செய்தால் போதும்.

இங்கே கொத்தனார் உதவிக்கு வந்தால் அவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். செட்டிநாட்டுப் பூச்சின் பெருமை அதன் வழவழப்பு. முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த கடைசிப் பூச்சைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றியிருக்கிறார்கள். கானாடுகாத்தான் வீடுகளின் சுவரில் கை வைத்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும். நம் பலகைக்கு அந்த மெருகு கூடாது. மெருகேறிய பரப்பு விளக்கைத் திருப்பிக் காட்டும். நிலவின் மண்ணோ உடைந்த தூள், பளபளப்பே இல்லாதது. நல்ல கைக்காரருக்குச் சொரசொரப்பாக விட்டுவிட மனம் வராது. ஆகவே காரணத்தை விளக்கிச் சொல்லுங்கள்.

பள்ளங்களை இறக்குதல்

விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் தொடங்குங்கள். நம் ஊர் வெயிலில் அந்தப் பதம் விரைவில் கடந்துவிடும் என்பதால், வேலை செய்யாத பகுதியை ஈரத்துணியால் மூடியே வைத்திருங்கள்.

புதிதாக உண்டான சிறு பள்ளத்தின் ஆழம், வரம்பின் உச்சியிலிருந்து அளந்தால், அதன் விட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வரம்பின் உயரம் விட்டத்தில் ஏறத்தாழ 4 விழுக்காடு. நம் 6 செ.மீ. பள்ளத்துக்கு இதன்படி ஆழம் 12 மி.மீ., வரம்பு 2.5 மி.மீ. வரம்பைக் கழித்தால் தரைமட்டத்துக்குக் கீழே ஒன்பதரை மி.மீ.தான் தோண்ட வேண்டும், 10 மி.மீ. பூச்சு அதற்குச் சரியாகப் போதும். பலர் இன்னும் ஆழமாகத் தோண்டிவிடுகிறார்கள். கிண்ணம் போல் ஆழமான பள்ளம் கண்ணுக்கு உரல் குழியாகத் தெரியுமே தவிர நிலவாகத் தெரியாது.

எண்ணிக்கைக்கு என் கைக்கணக்கு இது: விட்டம் பாதியாகும்போது எண்ணிக்கை நான்கு மடங்கு. 6 செ.மீ.யில் ஒன்று, 3 செ.மீ.யில் நான்கு, ஒன்றரை செ.மீ.யில் பதினாறு, அதற்குக் கீழே அறுபதுக்கு மேல். நிலவிலும் சிறியவை மிகுதி, பெரியவை அரிது. இந்த விகிதத்தை மீறி எல்லாவற்றையும் நடுத்தர அளவில் செய்துவிட்டால், பலகை பணியாரக் கல்லைப் போல ஆகிவிடும்.

வரிசை மிகவும் முக்கியம். பழையவற்றை முதலில் செய்யுங்கள். கரண்டியின் முதுகால் மெல்ல அழுத்தி, ஆழத்தைப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக வைத்து, ஈர ஸ்பாஞ்சால் வரம்பைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். நிலவில் மழையோ காற்றோ இல்லை. நுண்ணிய விண்கல் துகள்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் விழுந்து விழுந்துதான் பழைய வரம்புகள் மழுங்குகின்றன. அதன் பிறகு இடைப்பட்டவற்றை, பழையவற்றின் வரம்பை உடைத்துக்கொண்டு போகும்படி இறக்குங்கள். கூர்மையான வரம்புள்ள புதிய பள்ளங்கள் கடைசி. தோண்டி எடுத்த பூச்சை வீணாக்காமல் அப்படியே வரம்பாக வைத்து, வெளிப்பக்கம் சரிவாக இழுத்துவிட்டு, மிச்சத்தை உதிர்த்துச் சுற்றிலும் தூவுங்கள். தாம்பாளத்தில் பார்த்தது இங்கே கைக்கு வரும்.

தடத்துக்குத் தையற்காரர்கள் துணியில் குறியிடப் பயன்படுத்தும் பல்சக்கரம் போதும். பலகையின் ஓரத்திலிருந்து பெரிய பள்ளத்தை நோக்கி, ஒரு செ.மீ. இடைவெளியில் இரு கோடுகளாக உருட்டிச் சென்று, வரம்புக்கு நான்கரை செ.மீ. முன்னால் நிறுத்துங்கள், அது நிலவில் 3 மீட்டர். அங்கிருந்து தடம் திரும்பி வேறு திசையில் போக வேண்டும். ஒரே அழுத்தத்தில் உருட்டாமல், திரும்பும் இடத்தில் சற்று அழுத்திக் குழப்புங்கள். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே திரும்பும்போது மண் அதிகம் கலையும்.

நிறம்

நிலவு வானத்தில் வெள்ளையாகத் தெரிந்தாலும், அதன் தரை தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 12 விழுக்காட்டையே திருப்பியனுப்புகிறது. தேய்ந்த தார்ச்சாலையின் நிறம் என்று சொல்லலாம். தென்முனையைச் சுற்றியுள்ள மேட்டுநிலங்கள் அனார்த்தோசைட் என்ற வெளிர்பாறையால் ஆனவை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கிறது. இஸ்ரோ அதைப் பொடியாக்கித்தான், ரோவரையும் தரையிறங்கியையும் சோதிப்பதற்கான நிலவு மண் மாதிரியைத் தயாரித்தது. தமிழ்நாட்டு மண் முன்பே நிலவாக வேடமேற்றிருக்கிறது என்பதை நினைத்தால், நாம் செய்யும் வேலை தொலைவில் நடக்கும் ஒன்றாகவே தோன்றவில்லை.

சுண்ணாம்பு நீரில் விளக்குக்கரியைக் கரைத்து, ஒரு சிட்டிகை காவி சேர்த்து, பூச்சு ஈரமாக இருக்கும்போதே தூரிகையால் மெல்லிய கரைசலாகப் பூசுங்கள். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குபவை கரியும் இரும்புச் சத்துள்ள மண் நிறங்களும்தான். கடையில் கிடைக்கும் மற்றச் சாயங்கள் பல வெளுத்துவிடும். காய்ந்தபின் நிறம் நன்றாக வெளிறும் என்பதால், ஓட்டுத்துண்டு ஒன்றில் பூசிக் காயவைத்துப் பார்த்த பிறகே பலகைக்குப் போகவும். மிகப் புதிய சிறு பள்ளம் ஒன்றைத் தேர்ந்து, அதைச் சுற்றி மட்டும் பழைய பல்துலக்கியால் வெள்ளைச் சுண்ணாம்பைத் தெறித்துவிடுங்கள். விண்வெளியில் வெகுகாலம் கிடந்த மண் கருகும். அண்மையில் மேலே வந்தது வெளிர்ந்திருக்கும்.

செவ்வாய்த் தரையைச் செய்ய விரும்பினால் நம் பக்கத்துச் செம்மண்ணே நிறம். இரண்டுக்கும் சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு. ஆனால் செவ்வாயில் மெல்லிய காற்றும் தூசியும் உண்டு என்பதால் நிழல் இவ்வளவு கறுக்காது.

காயவைத்தல்

என் முதல் பலகையை விரைவில் முடிக்கும் ஆசையில் மே மாத வெயிலில் மொட்டைமாடியில் வைத்தேன். மாலையில் பார்த்தபோது பெரிய பள்ளத்தின் வரம்பிலிருந்து மூலை வரை முடி அகலத்தில் வெடிப்பு ஓடியிருந்தது. நிலவில் இல்லாத ஓர் ஆற்றுப்படுகை போல அது கண்ணை இழுத்ததால் அந்தப் பலகையை விட்டுவிட நேர்ந்தது. சுண்ணாம்பு காய்வதால் மட்டும் இறுகுவதில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல உள்ளிழுத்து மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாக மாறுவதால்தான் இறுகுகிறது. அதற்கு ஈரமும் வேண்டும், நேரமும் வேண்டும். காற்றில்லாத நிலவில் இந்தப் பூச்சு இப்படி இறுகவே முடியாது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வெயில் படாத இரண்டாங்கட்டிலோ தாழ்வாரத்திலோ படுக்கவைத்து, முதல் பத்து நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். நான்கு வாரம் கழியும் முன் நிமிர்த்த வேண்டாம்.

விளக்கு

பலகையைவிட விளக்குக்கு அதிகப் பொறுமை தேவை. ஒருமுறை ஒரு கண்காட்சிக் கூடத்தில் என் பலகையைக் குழல்விளக்குகளுக்கு நேர் எதிரே மாட்டிவிட்டார்கள். அத்தனை பள்ளமும் மறைந்து, கறை படிந்த சுவர்த்துண்டாக அது தொங்கியது. விக்ரம் இறங்கிய இடத்தில் சூரியன் உச்சிக்கு வரும்போதும் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 22 பாகைக்கு மேல் எழுவதில்லை. ஆகவே ஒளி எப்போதும் படுத்தே வர வேண்டும்.

குறுகிய கற்றை உள்ள ஒற்றை எல்.இ.டி. ஸ்பாட் விளக்கை எடுங்கள். பல குமிழ்கள் வரிசையாக உள்ள பட்டை விளக்கு நிழலின் ஓரத்தைக் கலைத்துவிடும். பலகையின் இட ஓரத்திலிருந்து 60 செ.மீ. தள்ளி, பூச்சின் மட்டத்திலிருந்து 10 செ.மீ. முன்னால் நீட்டி, மேல் விளிம்புக்கு ஒரு சாண் உயரத்தில் பொருத்தினால், ஒளி இட ஓரத்தில் ஏறத்தாழ 9 பாகையிலும் வல ஓரத்தில் 5 பாகைக்கு நெருக்கமாகவும் விழும். 5 பாகையில் ஒரு மேட்டின் நிழல் அதன் உயரத்தைப் போல் பதினோரு மடங்கு நீளும், 2.5 மி.மீ. வரம்பு ஏறக்குறைய 3 செ.மீ. நிழல் போடும். இதனால் பலகையின் இடப்புறம் காலைப்பொழுதாகவும், வலப்புறம் இன்னும் விடியாத நிலமாகவும் தெரியும். பக்கத்துச் சுவர் வெள்ளையாக இருந்தால் அதன் எதிரொளி நிழலுக்குள் கசியும். ஓர் அடர்நிறத் துணியை மாட்டிவிடுங்கள்.

மேலிருந்து ஒளி வரும் என்றே நம் கண் எதிர்பார்க்கிறது. அதனால் விளக்கைப் பலகைக்குக் கீழே பிடித்தால், தோண்டிய பள்ளங்கள் அத்தனையும் கொப்புளங்களாகப் புடைத்துத் தெரியும். தடமும் கயிறு போல் எழுந்து நிற்கும். விளக்கைக் கையில் பிடித்தபடி கீழிருந்து பக்கவாட்டில் மெதுவாக மேலே கொண்டுபோங்கள். ஓரிடத்தில் புடைப்புகள் எல்லாம் சட்டென்று உள்வாங்கிப் பள்ளங்களாகும். பெரிய பள்ளத்தின் பாதிக்கு மேல் கறுப்பு நிறைந்து, அதன் முன் திரும்பிய தடத்தின் இரு கோடுகளும் தனித்தனியாகத் தெரியும். அந்த இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, விளக்கின் தாங்கியை அங்கே அடியுங்கள்.